பல்லுக்குப் போன பயணம்

சேலைக் கடையில் நிற்பவளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் தலைப்பைப் பிடித்து, மறு கையால் மடிப்பை உதறி, உடம்பில் சாத்திக் காட்ட வேண்டும். எனக்கோ ஒரு கை எப்போதும் வாயை மறைக்க வேண்டியிருந்தது. அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். மற்றவர்கள் சேலையைத் தோள் உயரத்தில் பிடித்துக் காட்டுவார்கள். நான் மூக்கு உயரத்தில் பிடிப்பேன். விலை கேட்டால் சேலைக்குப் பின்னால் இருந்து பதில் சொல்வேன். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கும் அந்தக் கடையில் இத்தனை வருடமும் அப்படித்தான் சேலை விற்றேன். வழக்கமாக வரும் பெண்கள் என்னை வெட்கக்காரி என்று சொல்லிக்கொள்வார்கள். நான் வெட்கக்காரிதான். ஆனால் வெட்கம் எனக்கு வாயில்தான் தொடங்கியது.

மேல்வரிசை முன்பற்கள் சிறுவயதிலிருந்தே வெளியே தள்ளி நின்றன. உதடு மூடாது. பள்ளிக்கூடத்தில் எனக்குத் 'திருவலை' என்று பட்டம். தேங்காய் திருவுகிற அந்தச் சாமானைத்தான் சொன்னார்கள். ஓ.எல். சோதனை வரைக்கும் அந்தப் பெயரோடுதான் படித்தேன், அதற்கு மேல் படிக்கப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் குடித்தார்கள், என் வாயைப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய், சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலை எனக்குச் சொல்ல வேண்டியவர் அண்ணா. அவர் சொல்லவே மாட்டார். சேர்ட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் கதிரையில் இருப்பார். அதிலேயே நான் விளங்கிக்கொள்வேன்.

நாற்பது தாண்டிய பிறகு யாரும் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. கலியாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் அண்ணா குடும்பத்தோடுதான் இருக்கிறேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அண்ணாவின் மகளும் நானும் ஓர் அறையில். ரயில் போகும்போது அலுமாரியின் கண்ணாடி நடுங்கும். அந்தக் கண்ணாடியில் நான் நெற்றியை மட்டும்தான் பார்த்துப் பொட்டு வைப்பேன்.

பிறகு பல் ஈறு, எங்கள் பேச்சில் முரசு, பழுதாகி அந்தப் பற்களும் ஆடத் தொடங்கின. வெள்ளவத்தையில் பல் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த வைத்தியரிடம் போனாலும் வாசலில் தெரிந்த ஒருவர் இருப்பார். அதனால் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் வைத்தியர். அதிகம் கேள்வி கேட்காதவர். ஆடிய பற்களைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பூட்டுகிற பல்லுசெட் ஒன்று செய்து தந்தார். வெளியே தள்ளிய பல் போய்விட்டது என்று எனக்கு முதலில் சந்தோசம்தான். ஆனால் அந்தச் செட் என் வாயில் நிற்கவில்லை. கதைத்தால் கிளிக் என்று சத்தம் போடும். தும்மினால் பயம். சாப்பிடும்போது கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்து விழுங்குவேன். முன்பு ஒளித்தது நீண்ட பல்லை. இப்போது ஒளித்தது பொய்ப் பல்லை.

ஒரு நாள் அது விழுந்தது. ஒரு தாயும் மகளும் கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார்கள். வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருந்தேன். மகள் ஏதோ பகிடி சொன்னாள். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். செட் நழுவிப் பட்டின் மேல் விழுந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் தாய் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார்.

"ஐயோ, அதை அங்கால எடும். எங்களுக்கு அது வேண்டாம். வேறையொண்டு காட்டும்."

அவர் சொன்னது சேலையை. அந்த நல்ல பட்டுச் சேலையை. ஒரு நூலும் பழுதாகாத சேலை அது. அதை நானே மடித்து மேல்தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை எந்தப் பெண்ணுக்கும் எடுத்துக் காட்ட எனக்குக் கை போகவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் கொட்டாஞ்சேனைக்குப் போய், கழலாத பல் வேண்டும் என்று கேட்டேன். வைத்தியர் நேராகச் சொன்னார்.

"பக்கத்துப் பல்லுகளைப் பிடிமானமா வைச்சு நிரந்தரமாக் கட்டலாம். இஞ்ச செய்யலாம்தான். ஆனா செலவு உங்களுக்குக் கட்டாது. சென்னையில ஒரு இடம் இருக்கு. என்னட்ட வாற இரண்டு மூண்டு பேர் அங்க போய்ச் செய்துகொண்டு வந்தவை. பத்து நாள் நிண்டா முடியும்."

நான் ஒரு நாளும் பிளேன் ஏறியதில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது பெரிய விசயம் இல்லை. கையை எடுத்துவிட்டுச் சிரிக்க வேண்டும். சேலையைத் தோள் உயரத்தில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு என் சீட்டுக் காசு போதுமாக இருந்தது.

சென்னை வைத்தியசாலையில் ஓர் ஆள் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் கேட்டு ஒழுங்கு செய்தார். வாயைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொன்னார். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, உதட்டை விரலால் விலக்கி, போன் வெளிச்சத்தில் எடுத்தேன். என் வாயை நானே முழுதாகப் பார்த்தது அன்றுதான். அதே கிழமை பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுத்தேன். ஸ்டூடியோக்காரர் வாயை மூடச் சொன்னார். சிரிக்கக்கூடாதாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வேறெதற்கும் இல்லை, சொல்ல வெட்கம். இந்த வயதில் பல் கட்டுகிறேன் என்றால், யாருக்காக என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பார்வையால் கேட்பார்கள். எல்லாம் முடிந்து, புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இரகசியத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளைகள் பலர் இங்கே வரமாட்டார்கள். சிலருக்கு வர முடியாது. அவர்கள் இந்தியாவுக்கு வருவார்கள், பெண் இங்கிருந்து போவாள், அங்கே ஒரு மண்டபத்தில் தாலி கட்டுவார்கள். எங்கள் கட்டடத்திலேயே அப்படி மூன்று கலியாணம் நடந்திருக்கிறது. தாலி ஏறும் வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சொன்னால் நாவூறு படும். அல்லது யாராவது மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்துக் குழப்பிவிடுவார்கள். ஆகவே ஒரு பெண் ஒருவருக்கும் சொல்லாமல் பாஸ்போர்ட் எடுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் இந்தியாவுக்கு விசா போட்டால், மற்றவர்கள் கேட்க வேண்டியதே இல்லை. இல்லை என்று அவள் சொன்னால் விசயம் உறுதி.

விசாவுக்குக் கொடுக்கப் போன இடத்தில், வரிசையில், எனக்கு நேரே பின்னால் எங்கள் மேல்மாடி அன்ரி.

"எங்க பிள்ளை இந்தப் பக்கம்?"

"சும்மா அன்ரி."

"ஓமோம். சும்மாதான். எங்கட மூத்தவளின்ர நேரமும் நாங்கள் இப்பிடித்தான் சும்மா வந்து, சும்மா குடுத்து, சும்மா போனனாங்கள்." என் தோளில் தட்டினார். "பயப்பிடாதை. நான் உன்னைக் காணேல்லை."

என்னைக் காணாத அன்ரி பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார். நான் கடையால் வர, அண்ணி குசினி வாசலில் கரண்டியோடு நின்றார்.

"இண்டைக்கு எங்க போனனீர்?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"ஓகோ. கொட்டாஞ்சேனையில இப்ப இந்தியா விசாவும் குடுக்கினமோ?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "பல்லுக்கு அண்ணி. சென்னைக்குப் போய்ப் பல்லுக் கட்டப் போறன்."

அண்ணி என்னைப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கி, முகத்தில் ஒரு சந்தோசப் புளுகம் வந்தது.

"பின்ன, பல்லுக் கட்டாமல் போகேலுமே?"

"இல்லை அண்ணி, பல்லுக்கு மட்டும்தான்."

"விளங்குது, விளங்குது. சுவிஸோ? ஜெர்மனியோ?"

"ஆரும் இல்லை. சத்தியமா."

"சத்தியம் பண்ணாதையும், நல்ல காரியத்துக்கு முதல்." கரண்டியால் என் கையில் செல்லமாகத் தட்டினார். "பெஞ்சாதி செத்த ஆளாத்தான் இருக்கும், என்ன? உம்மட வயசுக்கு அதுதானே வரும். அதில ஒரு குறையும் இல்லை. சரிவரும் மட்டும் என்னட்டையும் சொல்ல வேண்டாம். நான் கேக்கமாட்டன்."

அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லைதான். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பெரிய மீன் துண்டு வைத்தார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நடுத்துண்டு எனக்கு விழுந்ததில்லை. அதை என்னால் கடிக்கவும் முடியவில்லை.

அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். அண்ணா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை, வீடு, கோயில். முகத்தை நேரே பார்க்காமல் கேட்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அண்ணா, அண்ணி பிழையா விளங்கிப்போட்டா. பல்லுக்குத்தான் போறன். வேணுமெண்டா இதைப் பாருங்கோ." வைத்தியசாலை ஆளோடு கதைத்ததெல்லாம் போனில் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன். இதைவிட நல்ல அத்தாட்சி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே அந்த ஆளின் சின்னப் படம், கழுத்துப்பட்டியோடு. கீழே அவர் எழுதியவை. எந்த நாள் வருகிறீர்கள், விமான நிலையத்துக்குக் கார் அனுப்புகிறேன், பக்கத்திலேயே அறை போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்.

"இவர் மாப்பிள்ளைக்கு என்ன முறை?"

"அண்ணா, இவர் ஆஸ்பத்திரி ஆள்."

அவர் இன்னும் கீழே போனார். என் வாய்ப் படம் வந்தது. உதட்டை விலக்கிக்கொண்டு, செட் இல்லாமல், கறுத்த முரசோடு. அண்ணா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இதையும் அனுப்பினனியோ?"

"ஓம். கேட்டவை."

"நல்லது. ஒளிக்காமல் காட்டினது நல்லது. பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது." குரல் உடைந்துவிட்டது. "இதைப் பாத்தும் ஓம் எண்டு சொன்னவர் எண்டா, நல்ல மனிசன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். அண்ணா அழுது நான் பார்த்தது அம்மாவின் செத்தவீட்டில் மட்டும்தான். அது இந்த மாதிரி அழுகை இல்லை. இது பாரம் இறக்கினவர் அழுகிற அழுகை. அந்தப் பாரம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பெரிய பாரமாக இருந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. பல்லுக்கு அண்ணா, பல்லுக்கு மட்டும்தான் என்று இன்னொரு முறை சொன்னேன். "சரி, பல்லுக்குத்தான். நான் ஆருக்கும் சொல்லமாட்டன்" என்று சிரித்தார். உடம்பு முழுக்கச் சிரித்தார்.

சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம்தானே என்று யாராவது கேட்கலாம். சொன்னேன். அண்ணாவிடம், அண்ணியிடம், மேல்மாடி அன்ரியிடம் படிக்கட்டில் நின்று. சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் மரியாதை கூடியது. "பார், எவ்வளவு அழுத்தமான பிள்ளை" என்றார்கள். கீழே நிற்கிற காவல்காரன் கூடச் சிங்களத்தில், "மிஸ், எங்களுக்குக் கலியாணக் கேக் இல்லையா?" என்று கேட்டான். மனிதர்கள் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகப் போகிறவளுக்குத்தான் அந்த மரியாதை. இருக்கிறவளுக்கு இல்லை. அண்ணாவின் மகள் என் கட்டிலை எடுத்தால் அந்த இடத்தில் படிக்கிற மேசை வைக்கலாமா என்று நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "சும்மா பாத்தனான் மாமி" என்றாள்.

மாமி என்று கூப்பிடுகிறவளிடம் எப்படிக் கோபிப்பது? கட்டிலின் கால் மாட்டில் இருந்த என் பெட்டியை நானே கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

புறப்படுவதற்கு முன், சென்னையில் சொன்னபடி, முன்வரிசையில் மிச்சமாக நின்ற பழுதான பற்களையும் கொட்டாஞ்சேனையில் பிடுங்கினேன். முரசு ஆறிய பிறகு வந்தால்தான் அங்கே வேலை கெதியாக முடியுமாம். பிடுங்கிய பிறகு பழைய செட் கொஞ்சமும் பொருந்தவில்லை. முன்னால் வெறும் ஓட்டை. கடையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றேன்.

கடையில் என்னோடு நிற்பவள் ஜிந்துப்பிட்டியில் இருந்து வருகிற பிள்ளை, என்னைவிட இளையவள். அவள் ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பொங்கிவிட்டாள்.

"என்னாக்கா, எங்கிட்ட கூடவா மறைப்பீங்க? ஊரு பூரா தெரியுது, எனக்கு மட்டும் தெரியல."

"பல்லுக்குப் போறன் பிள்ளை. முகக்கவசத்தைக் கழட்டிக் காட்டவோ?"

"காட்டாதீங்க, காட்டாதீங்க. பல்லு கட்டி, சேலை கட்டி, தாலியும் கட்டிட்டு வாங்க. எல்லாம் கட்டுறதுதானே." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

கடைசி வேலை நாளில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பழைய கொழும்பு முஸ்லிம் மனிதர், வேலைக்காரரோடு தேவையில்லாமல் கதைக்கமாட்டார். மேசையில் ஒரு பெட்டி.

"தங்கச்சி, நீங்க எனக்கு ஒண்டும் செல்ல வேணாம். நல்ல காரியத்த செல்லாமச் செய்றதுதான் நல்லம். இத எடுத்துட்டுப் போங்க. கலியாணத்துக்கு ரெண்டாஞ் சேலையா உடுங்க."

வெளியே வந்து பெட்டியைத் திறந்தேன். நான் மேல்தட்டில் ஒளித்து வைத்த அந்த வெண்ணெய் நிறப் பட்டு. விற்காமல் கிடந்ததைக் கொடுத்தாரா, வடிவென்று கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. நல்ல மனதோடு கொடுத்தார் என்பது மட்டும் தெரியும். என் வாழ்க்கையில் எனக்கு நல்லது செய்த எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். அதனால்தான் யாரோடும் சண்டை பிடிக்க முடியாமல் இருக்கிறது.

அண்ணி என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தார். உள்ளே குங்குமச் சிமிழ் ஒன்றை ஓரமாகச் செருகினார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அண்ணா, "நானும் வந்திருக்கலாம். நீதான் வேண்டாமெண்டிட்டாய். அவையள் என்ன நினைப்பினமோ" என்றார். முகக்கவசத்துக்குள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

சென்னையில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் போய் வாயைத் திறந்துகொண்டு கிடப்பேன். மத்தியானம் அறைக்கு வந்து கஞ்சி குடிப்பேன். என் தமிழைக் கேட்டு, நீங்கள் கேரளாவா என்று தாதி கேட்டாள். கொழும்பு என்றேன். தனியாகவா வந்தீர்கள் என்றாள். ஓம் என்றதும், "சூப்பர்ம்மா" என்றாள். என் பயணத்தை யாராவது மெச்சியது அங்கே மட்டும்தான்.

கடைசி நாள் பல்லை ஒட்டி முடித்துவிட்டு வைத்தியர் கண்ணாடியைக் கொடுத்தார். "சிரிங்க பாக்கலாம்." என் கை தானாக எழும்பி வாய்க்குப் போனது. தாதி மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். "கை இனிமே வேணாம்மா." கண்ணாடியில் ஒழுங்கான பல்வரிசையோடு ஒரு பெண் இருந்தாள். உதடு மூடியது. அறைக்குப் போகிற வழியில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி, தெருவில் நின்றே கடித்தேன். அந்தப் பத்து நாளில் நான் செய்த ஒரே விளையாட்டு அது.

பிளேனில் வரும்போது நினைத்தேன், பல்லைப் பார்த்தால் நம்புவார்கள் என்று. இதைவிட நேரான சாட்சி இல்லை. வாய்க்குள்ளேயே இருக்கிறது.

அண்ணா வருகை வாசலில் நின்றார். புதுச் சேர்ட் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். பிறகு அவருடைய கண் என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் வந்த ஓர் ஆளைப் பார்த்தது, அந்த ஆள் வேறு பக்கம் போக, இன்னோர் ஆளைப் பார்த்தது. நான் கிட்டே போய் நின்ற பிறகும் என் தோளுக்கு மேலாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தனியவோ?"

"ஓம் அண்ணா."

பெட்டியை வாங்கிக்கொண்டார். வாடகை வானில் ஏறி எனக்குப் பக்கத்தில் இருந்தார். "அண்ணா, பல்லைப் பாருங்கோ" என்று சொல்லிச் சிரித்துக் காட்டினேன். கை மடியிலேயே இருந்தது. என் வாழ்க்கையில் கை இல்லாமல் வீட்டு ஆள் ஒருவருக்கு நான் சிரித்த முதல் சிரிப்பு.

"வடிவாயிருக்கு" என்றார். பார்த்த பார்வை பழைய பார்வை, சேர்ட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்த காலத்துப் பார்வை. "நீ கவலைப்படாதை" என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அண்ணி அழுதார். பிறகு ஆட்கள் வந்தார்கள். செத்தவீட்டுக்கு வருவதுபோல, குரலைத் தாழ்த்திக்கொண்டு. நேரில் பார்த்ததும் அவர் வேண்டாம் என்று விட்டாராம் என்பது ஒரு கதை. அவருக்கு அங்கே ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறதாம் என்பது இன்னொரு கதை. இரண்டாவது கதையில் என் மேல் குற்றம் இல்லாததால் அண்ணி அதைத்தான் விரும்பினார். பல்லுக்குத்தான் போனேன் என்று நான் சொல்ல, "ஓமோம், பல்லுக்குத்தான் போனனீர். அப்பிடியே சொல்லும். அதுதான் நல்லது" என்று என் தலையைத் தடவினார்.

மேல்மாடி அன்ரி பழம் கொண்டுவந்தார். என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கவலைப்படாதை பிள்ளை. போன காரியம் சரிவராட்டிலும், பல்லாவது மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. வாய் நிறையச் சிரித்தேன். அன்ரி பயந்துபோய் அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னை அறைக்குள் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். வெளியே அன்ரி மெல்லச் சொல்வது கேட்டது, "கவனமாப் பாத்துக்கொள்ளும். அடக்கிக்கொண்டு திரியுது. விசர் பிடிச்சிடும்." நான் படுத்த இடத்தில் கால் மாட்டுக்குப் பக்கத்தில் புது மேசை ஒன்று நின்றது. கட்டிலை எடுக்காமலே எப்படியோ இடுக்கி வைத்திருந்தார்கள்.

கடையிலும் அதுதான். சேலைப் பெட்டியை முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்ததை வாங்கமாட்டேன் என்று கையை விரித்தார். "வேற நேரம் உதவும் தங்கச்சி. அல்லாஹ் பெரியவன்." முதல் நாள் சேலையைத் தோள் உயரத்தில் பிடித்து, ஒரு பெண்ணுக்கு விலை சொல்லிச் சிரித்தேன். அந்தப் பெண் போனதும் ஜிந்துப்பிட்டிப் பிள்ளை வந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு இப்படிச் சிரிக்காதீங்க. வர்றவங்க பேசிக்கிறாங்க. இவ்வளவு நடந்தும் எப்படிச் சிரிக்குதுன்னு."

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையை இறுக்கப் பிடித்தாள். அடுத்த சேலையை நான் மூக்கு உயரத்தில் பிடித்தேன்.

போன மாதம் பல்லைக் காட்டிச் சரிபார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வைத்தியர் வெளிச்சத்தை இழுத்து வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நல்லாச் செய்திருக்கினம். கடிக்கேக்க நோகுதோ?"

"இல்லை டொக்டர்."

"வீட்டில என்ன சொல்லீச்சினம்?"

"பல்லாவது மிச்சம் எண்டு சொன்னவை."

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கையும் கதிரைப் பிடியில் இருந்தன. அந்த அறையில் எனக்கு மாப்பிள்ளை இல்லை, கைவிட்டவர் இல்லை, அண்ணாவின் பாரம் இல்லை. பல் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். தேவையில்லை, ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் ஓர இருக்கை கிடைத்தது. முன்னால் ஒரு தாயின் தோளில் கிடந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு ஒரு பல்லும் முளைக்கவில்லை. நானும் அதற்குச் சிரித்துக் காட்டிக்கொண்டே வந்தேன், கொள்ளுப்பிட்டி வரைக்கும், அதற்கு அப்பாலும். பம்பலப்பிட்டி தாண்டியதும் தெரிந்த முகங்கள் ஏறத் தொடங்கின. கைப்பையைத் திறந்து, முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.